வினிகரும் ஒரு விஞ்ஞானியின் கணக்கும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணிபுரிந்து, பிறகு பிரான்சு நாட்டு லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர்.

"இவரு என்ன டீச்சர் கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டேன். "எண்ணிப் பார்த்து எழுதினாரு" என்றார் அறிவியல் டீச்சர். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

விஞ்ஞானிகள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை நம்ம தமிழ்க் கட்டுரை நோட்டு மாதிரி இல்லை. பத்திரிகைக்கு அனுப்பினால், அதே துறை ஆட்கள் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். தாக்குப் பிடித்தால்தான் அச்சாகும். அப்புறம் மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் "இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று காட்டுவார்கள். அதற்கு மேற்கோள் என்று பெயர். திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரர்கள் புது இடத்தில் குழாய் இறக்கும் முன்னால், பக்கத்துக் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்பார்கள் அல்லவா? எல்லாரும் போய்க் கேட்கிற காடு மாதிரிதான், அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை. (குறை சொல்பவர்களும் மேற்கோள் காட்டித்தான் குறை சொல்வார்கள். அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாதாம்.)

இவருடைய பெரிய கட்டுரை ஒன்று நம்ம பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியது. எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. முற்ற நிறைய வருடம் ஆகும். முன்னாலேயே பார்த்தால் தடுத்துவிடலாம். பார்க்கும் முறை ரொம்பச் சுலபம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் கலந்து தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். டாக்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம். பெரிய மிஷினும் வேண்டாம்.

ஆனால் இதனால் உயிர் பிழைக்கிறார்களா என்பதை யார் காட்டுவது? ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் மாதிரி 57-க்குப் பரிசோதனை, மற்ற 57-க்கு வழக்கமான வைத்தியம் என்று வைத்தார்கள். அம்பிளிக்கை மருத்துவமனைக்காரர்களும், அடையாறு புற்றுநோய் மையத்தினரும் கூட உழைத்தார்கள். வயது 30 முதல் 59 வரை. பரிசோதனைப் பக்கம் இருந்த 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்களையும் சேர்த்தே கணக்குப் போட்டும், இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது.

மறுபாதிப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது நியாயமா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. டீச்சரும் உடனே பதில் சொல்லவில்லை.

இன்னொரு ஆய்வு நம்ம வயசுப் பிள்ளைகளுக்கானது. 2009-ல் 10 முதல் 18 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2 போதுமா, 3 வேண்டுமா என்று பார்க்கத் தொடங்கினார். 2010-ல் அரசு இப்படிப்பட்ட தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். வேறு யாராவது என்றால் நோட்டை மூடியிருப்பார்கள். இவர்கள் அந்தப் பிள்ளைகளையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒரு ஊசியே நன்றாகக் காப்பாற்றுகிறது என்று 2021-ல் கட்டுரை வந்தது. இதையும் மற்ற நாட்டு ஆய்வுகளையும் பார்த்துத்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசியும் போதும் என்றது. 2025-ல் நம்ம தமிழக அரசு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். எனக்கு வயது 14.

எங்கள் அம்மாயி இந்த நோயில்தான் இறந்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டில் வயிற்றுக்கட்டி என்றுதான் சொன்னார்கள். வெளியே சொல்ல வெட்கம். இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் அம்மா உண்மையைச் சொன்னது.

அம்மாவுக்கு வயது 37. ஜவ்வரிசி ஆலையில் வேலை. நர்ஸம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. "ஒரு நாள் கூலி போயிரும்டி, எனக்கென்ன நோவா நொடியா" என்றது. திண்டுக்கல்லில் வராமல் போன கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேரைப் பற்றிச் சொன்னேன். "அவங்களுக்கும் கூலிதான் போயிருக்கும்" என்றது. ராத்திரி சாப்பிடும்போது அதுவே கேட்டது, "ஒரு நிமிசந்தானா?"

வருகிற வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன். லீவு லெட்டரில் காரணம் இதுதான் டீச்சர், திட்டாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி