பதுங்கிப் பாயும் தட்டம்மை!

'தட்டம்மையா? வேப்பிலை வெச்சா ஒரு வாரத்துல இறங்கிடும்' என்று அசால்ட்டாகச் சொல்கிற பார்ட்டியா நீங்கள்? ஒரு நிமிஷம், இதைப் படிச்சுட்டுப் போங்க ஃப்ரெண்ட்ஸ்!

2025 செப்டம்பர்... அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில், பள்ளி செல்லும் வயதுக் குழந்தை ஒன்று இறந்துவிட்டதாக சுகாதாரத் துறை அறிவித்தது. காரணம், கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மை! தடுப்பூசி போடும் வயது வருவதற்குள் அம்மை முந்திக்கொண்டது. குழந்தை தேறியும் விட்டது. ஆனால், வருஷங்கள் கழித்து வந்தது வினை.

இந்த நோயின் பெயர் எஸ்.எஸ்.பி.இ. அம்மை இறங்கிய பிறகும் சிலருக்கு வைரஸ் மூளைக்குள் பதுங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து வருஷம் வரை சத்தமே இருக்காது. உருமாறி, செல்லுக்குச் செல் தாவிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் ஆட்டம். நல்லா படிக்கிற பிள்ளைக்கு மார்க் குறையும், மறதி வரும், சிடுசிடுப்பு வரும். 'சேர்க்கை சரியில்லை'னு வீட்டில் திட்டுகூட விழலாம். அடுத்து, கை கால் வெடுக் வெடுக்கென்று உதறும். பேச்சு, நடை, நினைவு என ஒவ்வொன்றாகப் போகும். பெரும்பாலானவர்கள் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். குணப்படுத்த மருந்து இல்லை.

அபூர்வமான நோய்தான். தட்டம்மை வந்தவர்களில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு என்பது லாஸ் ஏஞ்சலஸ் சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு. கைக்குழந்தையில் வந்திருந்தாலோ, சுமார் 600-க்கு ஒன்று!

நம்ம ஊரில் முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். அடுத்தது 16-லிருந்து 24 மாதத்துக்குள். அப்போ அஞ்சு மாசப் பாப்பாவுக்கு யார் காவல்? சுற்றியிருக்கிற நாமதான்! 100-க்கு 95 பேருக்காவது எதிர்ப்பு சக்தி இருந்தால்தான் தட்டம்மை பரவாமல் நிற்கும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்ததே... உங்களில் பலர் அப்போ யூனிஃபார்மில் வரிசையில் நின்றிருப்பீர்கள். விஷயம் இதுதான்: எஸ்.எஸ்.பி.இ. நோயாளிகளின் மூளையில் ஆராய்ச்சியாளர்கள் கண்டது இயற்கையாகத் தொற்றிய வைரஸை. ஊசியில் இருக்கும் வைரஸை அல்ல.

இன்னிக்கே அம்மாகிட்ட கேளுங்க, 'எனக்கு ரெண்டு டோஸும் போட்டாச்சா?' தெரியலைன்னா டாக்டரைப் பாருங்க. அக்கா குழந்தையை அள்ளிக் கொஞ்சுறதுக்கு முன்னாடி அதைச் செய்யுங்க!