புத்தகம் பிறந்த சமாசாரம்

புடவைக் கடையில் புதுத் தினுசு இறங்கினால் மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு புது நாவல் அச்சாகி வந்தால் யாருக்குத் தெரிகிறது? எழுதியவருக்குத் தெரியும், அச்சாபீஸ்காரருக்குத் தெரியும், எழுதியவரின் மனைவிக்கு, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டுகளைப் பார்த்துத் தெரியும்! நேயர்களே, நமக்கு எப்படித் தெரிகிறது?

இதை யோசிக்க வல்லக்கோட்டை நல்ல இடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது. ஏழடி உயர முருகன். கோடைநகர் என்று அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் இது என்பார்கள். பாடியது பதினைந்தாம் நூற்றாண்டில். அவை புத்தகமாக நம் கைக்கு வர நானூறு வருஷங்களுக்கு மேல் பிடித்தது. அந்தச் செய்தி பரவியதும் விசித்திரமாகத்தான்.

1871-ல் ஒரு கோர்ட்டு வழக்கு. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சாட்சியாக ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்டினார்களாம். நீதிமன்ற உத்தியோகத்திலிருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளையின் காதில் அது விழுந்தது. வழக்கு என்ன ஆயிற்றோ, பாட்டு மனிதரை விடவில்லை! ஊர் ஊராக ஏடு தேடினார். பிற்பாடு முன்சீபாக உயர்ந்த பிறகும் தேடினார். 1890-களில் முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகத்துக்கு அடுத்த நூற்றாண்டே பிறந்துவிட்டது. பதினாறாயிரம் பாட்டு என்று சொல்லுகிறார்களே, கிடைத்தவை ஆயிரத்து முந்நூறு சொச்சந்தான். அவருடைய குமாரர் வ. சு. செங்கல்வராய பிள்ளை உரையும் எழுதினார்.

அந்த நாளில் புத்தகம் அச்சாகும் முன்பே விளம்பரம் உண்டு. அதற்குப் பெயர் கையொப்பம் வாங்குவது. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களின் தயவும் வேண்டியிருந்தது. வாங்குகிறோம் என்ற வாக்குத்தான் மூலதனம். இன்றும் சில பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறார்களே, அது இந்தச் சரக்குத்தான்.

இந்த வித்தையில் நம் பெண்களில் கைதேர்ந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். முதல் நாடகமான இந்திர மோகனாவை அவர் வாயால் சொல்ல, சிநேகிதி பட்டம்மாள்தான் எழுதினார். அம்மாளுக்கு அப்போது சரளமாக எழுத வராது! 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று, அதில் தம் நாவலைத் தொடராக வெளியிட்டார். மாதம் ஒரு பகுதி படித்து ஏங்கிய பெண்களுக்குப் புத்தகம் வந்த செய்தியைத் தனியாகத் தமுக்கடிக்க வேண்டுமா? 115 நாவல் எழுதினார். அந்தப் பெண்களில் பலருக்கு வாசல் தாண்டிப் போய்ப் புத்தகம் வாங்கவே வழியில்லை. தபால்காரர்தான் அவர்களுடைய புத்தகக் கடை.

இப்போது மறுபடி வல்லக்கோட்டைப் பக்கம் பாருங்கள். சுற்றிலும் கார் தொழிற்சாலை, கைத்தொலைபேசித் தொழிற்சாலை. தென் மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பும், பட்டமும் படித்தவர்கள். கையில் சொந்தச் சம்பளம். ஆனால் கம்பெனி பஸ் விடுதி வாசலிலிருந்து ஆலை வாசலுக்குப் போகிறது. நடுவில் புத்தகக் கடையில் நிற்பதில்லை. புது நூல்களோ 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை நம்பி ஜனவரியில் குவிகின்றன. இரண்டு வாரம் ஒரே ஆரவாரம்! ஆனியில் அச்சான நூலுக்கு யார் மேளம் கொட்டுவார்கள்? 2022-க்குப் பிறகு அரசாங்கம் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது, காஞ்சிபுரத்திலும் நடந்தது. நல்ல காரியந்தான். ஷிப்டு முடிந்த பெண்ணுக்கு அவ்வளவு தூரமும் தூரந்தானே!

உங்கள் வீட்டுப் பெண்ணோ, நாத்தனார் மகளோ அந்தப் பக்கம் வேலையில் இருந்தால், அடுத்த தடவை டெலிபோனில் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, இந்த மாதம் நீங்கள் படித்த புத்தகத்தின் பெயரையும் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.