மாம்பழ ஈயும் மனித மூளையும்: கல்லூரி மாணவர்களே, அடுத்த கோடைக்கு இப்போதே தயாராகுங்கள்!

மே மாதம் தருமபுரிப் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மாம்பழ வாசனைதான். கூடவே, கனிந்த பழத்தைச் சுற்றி எள்ளளவு ஈக்கள். நாம் கையை வீசி விரட்டும் இந்த வகை ஈக்களை வைத்துத்தான் மூளையின் ரகசியங்களைத் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கி, பழ ஈ வாசனையை எப்படி உணர்கிறது என்று ஆராய்ந்தவர். 2024 அக்டோபரில், ஒரு பழ ஈயின் மூளையிலுள்ள சுமார் 1,39,000 நரம்பு செல்களின் இணைப்புகள் முழு வரைபடமாக வெளியாயின. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள்!

இந்த ஆய்வில் பி.எஸ்சி படிக்கும் உங்கள் பிள்ளையும் இரண்டு மாதம் பங்கெடுக்கலாம்.

பக்கத்தில்தான் பெங்களூரு

தருமபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போகும் அதே பெங்களூரில்தான் நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையம், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் எல்லாம் இருக்கின்றன. வேலை தேடிப் போகும் ஊருக்கு ஆய்வு செய்யவும் போகலாம் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

என்னென்ன வாய்ப்புகள்?

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் முக்கியமானது. தேர்வானால், ஒரு விஞ்ஞானியின் வழிகாட்டுதலில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. ஜவஹர்லால் நேரு மையமும் தனியாக ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது. எம்.பி.பி.எஸ் மாணவர்களுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் குறுகிய கால ஆய்வுத் திட்டம் இருக்கிறது. வீட்டைவிட்டுப் போக முடியாதவர்கள், நியூரோமேட்ச் அகாடமியின் இணையவழி வகுப்புகளைப் பார்க்கலாம். பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கம்ப்யூட்டரும் ஓரளவு பைத்தான் பழக்கமும் வேண்டும்.

"மூளை என்றால் டாக்டருக்குப் படிப்பவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்க வேண்டாம். மூளையின் மின் அலைகளைக் கணக்கிட இயற்பியலும் கணிதமும் தெரிந்தவர்கள் தேவை.

தவறவிடுவது எங்கே?

காலண்டரில்தான்! செமஸ்டர் முடிந்து ஏப்ரலில் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் கதவு மூடியிருக்கும். அகாடமிகளின் திட்டத்துக்கு வழக்கமாக நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். சரியான தேதியை ஒவ்வோர் ஆண்டும் அவர்களின் இணையதளத்தில் பாருங்கள்.

அடுத்தது, பரிந்துரைக் கடிதம். உங்களை நன்கு அறிந்த பேராசிரியரிடம் தீபாவளிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் 'எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம்' என்று பொதுவாக எழுதாமல், உங்களைத் துரத்தும் ஒரு கேள்வியை எழுதுங்கள். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குப் பேச்சு போனது, ஆனால் பாட்டு மட்டும் எப்படி வருகிறது? இப்படி வீட்டில் பார்த்த ஒன்றே நல்ல ஆய்வுக் கேள்விதான்.

பெற்றோர் கவனத்துக்கு

மகளைத் தனியாக அனுப்பத் தயக்கம் இருக்கும், நியாயம்தான். விடுதி உண்டா, வழிகாட்டி யார் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் 'இன்டர்ன்ஷிப்' விளம்பரங்களிடம் மட்டும் உஷார்!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்தான், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் ஏற்படும் வலியைக் குறைக்க ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். பெரிய கருவிகள் இல்லாமலும் பெரிய கேள்வி கேட்கலாம்.

அடுத்த முறை மாம்பழத்தைச் சுற்றும் ஈயை விரட்டும் முன், ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்!