புரத இழையும் மறதி நோயும்

ஜொகூர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு பால்மரம் சீவிய அம்மா ஒருவர், இன்று சிங்கப்பூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கத்தியையும் வாளியையும் தேடுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்கிறார். மருமகள் திகைத்து நிற்கிறாள். இன்னொரு நாள் தேக்கா சந்தைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் சிராங்கூன் சாலையில் நிற்கிறார். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோர் சிலர். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோர் பலர். இரண்டும் சரியன்று. அந்த அம்மாவுக்கு வந்திருப்பது மூளையைப் பற்றிய நோயாக இருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள, நம் உடம்பில் உள்ள புரத இழைகளைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வரும். உண்ட புரதத்தை உடைத்து, உடம்பு தனக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் செய்துகொள்கிறது. அவற்றுள் சில ஒன்றோடொன்று கோத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாகின்றன. தோலையும் எலும்பையும் தசைநாணையும் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் இழை. அது மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். சீவும் கத்தி விரலில் பட்டால் இரத்தம் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறதே, அதுவும் இழையின் வேலைதான். ஃபைப்ரின் என்ற புரதம் வலைபோல் பின்னிக் காயத்தின் வாயை அடைக்கிறது. காயம் ஆறியதும் உடம்பே அந்த வலையைக் கரைத்துவிடுகிறது.

கரையாத இழைதான் தொல்லை. ஒவ்வொரு புரதமும் தனக்குரிய விதத்தில் மடிந்திருக்க வேண்டும். மடிப்புக் குலைந்தால், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி இறுகிய இழையாகிவிடும். மங்கில் வடியும் பால் ஓடும். ஆசிட் ஊற்றினால் கட்டியாகும். அதை மறுபடி பாலாக்க முடியாது. ரப்பர் புரதமன்று, ஆனால் அந்த மாற்றம் இதைப் போன்றதே. இன்னொரு கெட்ட குணமும் இதற்கு உண்டு. ஒரு துளி உறைமோர் ஒரு சட்டிப் பாலையும் தயிராக்குவது போல, தோன்றிய சிறு இழை பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும்.

இந்த இழைக்கு அமிலாய்டு என்று பெயர். மாவுப்பொருள் போன்றது என்று பொருள். ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ 1854-ல் அயோடின் பட்டு நிறம் மாறியதைப் பார்த்து, மரவள்ளி மாவைப் போன்ற ஒன்று என்று எண்ணிவிட்டார். ஐந்தாண்டுக்குள் அது புரதம் என்று தெரிந்தும், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதே நாட்டில் 1906-ல், நினைவு தப்பி இறந்த ஒரு பெண்ணின் மூளையை அலோயிஸ் ஆல்ஸைமர் நுண்பெருக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே முறுக்கு இழைகளும் இருந்தன. வெளியே இருப்பது பீட்டா அமிலாய்டு, உள்ளே இருப்பது டௌ என்று பின்னாளில் அறிந்தார்கள். நோய் தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே இவை சேரத் தொடங்குகின்றன. புதிய நினைவுகளைப் பதியும் பகுதி முதலில் கெடுவதால், காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். பழைய பெரட்டுக்களம் மறக்காது.

கைநடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயிலும் வேறொரு புரதம் இப்படித் திரள்கிறது. நீரிழிவுக்காரர்களின் கணையத்திலும் இத்தகைய இழை படிவதுண்டு. ஊசி மருந்தான இன்சுலினும் புரதந்தான். வெயிலில் வைத்தாலும் உறையவிட்டாலும் அது கெட்டு இழையாகலாம். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கித் தெரிந்தால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2013-ல் நடத்திய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 10 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. பத்தாண்டு கழித்து நடத்திய ஆய்வில் அது 8.8 விழுக்காடு. ஆனாலும் நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனென்றால், எல்லா மறதியும் இந்த இழையால் வருவதில்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும்; இவற்றுக்கு மருந்து உண்டு. மூளை இரத்தக்குழாய் அடைப்பாலும் வரும். இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைத்தால் அந்த ஆபத்து குறையும். எது என்று மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். பலதுறை மருந்தகத்துக்குப் போனால், வேண்டுமானால் நினைவாற்றல் மருந்தகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அமிலாய்டைக் கரைக்கும் லெக்கனிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் ஒப்புதல் அளித்தது. அது நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கும், தொடக்க நிலையில் மட்டும். மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் எல்லார்க்கும் ஏற்றதன்று. போன நினைவை அது திருப்பித் தராது.

வீட்டில் அத்தகைய பெரியவர் இருந்தால், பெரட்டுக்கு நேரமாச்சு என்னும்போது அதட்டாதீர்கள். "இன்னிக்கு மழைம்மா, மரம் ஈரமா இருக்கு" என்று சொல்லி ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள், பெரும்பாலும் அமைதியாகிவிடுவார். அவர் பையில் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். வழி தவறி நிற்கும் முதியவரைக் கண்டால், எம்.ஆர்.டி. நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். இத்தகையோரைப் பாதுகாப்பாக வீடு சேர்க்க உதவும் இடங்களாகப் பல நிலையங்கள் இருக்கின்றன.