மூஞ்சூறின் காதில் ஒரு காய்ச்சல்





ஒவ்வொரு ஆண்டும் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் நமது மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் கட்டில்கள் போதாமல் போகின்றன. அதற்காக ஜெபிக்கும்படி உங்களைக் கேட்டு வந்திருக்கிறோம். அது என்ன காய்ச்சல், எங்கிருந்து வருகிறது என்று பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த மடலில் அதை விளக்கமாக எழுதுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து நாற்பது வயதுத் தாய் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மாட்டுக்குப் புல் அறுத்து வாழ்பவர். எட்டு நாளாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. வேறு இடத்தில் டைபாய்டு என்று எண்ணி ஊசி போட்டிருந்தார்கள்; காய்ச்சல் இறங்கவில்லை. எங்களிடம் வந்தபோது மூச்சு வாங்கியது. மலேரியாவும் டெங்குவும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை காட்டிற்று. இரவில் ஈரத்துணியால் அவருக்கு உடம்பு துடைத்துவிட்ட எங்கள் நர்ஸ், பாவாடை நாடா இறுகும் இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோன்ற ஒரு சிறிய கருப்புப் பொருக்கைக் கண்டார். உடனே டாக்டரை எழுப்பினார். அந்த இரவே சரியான மருந்து தொடங்கப்பட்டது. மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள்.

அந்தப் பொருக்கே இந்த நோயின் முத்திரை. நோயின் பெயர் ஸ்கிரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

உண்ணியா, பூச்சியா?

மாட்டின் மேலும் நாயின் மேலும் ஒட்டியிருக்கும் உண்ணியை நாம் அறிவோம். இந்தக் காய்ச்சலைப் பரப்புவது அதுவல்ல. அதன் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய வேறொரு பூச்சி. அதைச் சிற்றுண்ணி என்று சொல்லலாம். முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். செம்மஞ்சள் நிறம், ஆறு கால்கள். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசி. வளர்ந்த பூச்சி மண்ணிலேயே வாழ்ந்துவிடுகிறது, மனிதனைத் தொடுவதில்லை. குஞ்சுப் பருவத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, ஒரு பிராணியின் உடம்பில் ஒட்டிச் சில நாட்கள் திசுநீரை உறிஞ்சிவிட்டு மண்ணில் விழுந்துவிடும். அந்த ஒரு முறை அது மனிதன்மேல் ஏறினால், அதனுள் இருக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா நமக்குள் வருகிறது. கடித்தது வலிக்காது. ஆகவே யாருக்கும் நினைவிருக்காது. காய்ச்சல் தொடங்குவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான்.

மெய்யான உண்ணிகள் பரப்பும் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. அது ரிக்கெட்சியா என்னும் இனத்துப் பாக்டீரியாவால் வருவது. நாய்களும் எலிகளும் அந்த உண்ணிகளைச் சுமக்கின்றன. அதில் உள்ளங்கை, உள்ளங்கால்வரை சிவந்த புள்ளிகள் தோன்றும். இரண்டுக்கும் அடிப்படை மருந்து ஒன்றே என்பது தேவ கிருபை.

எலியும் மூஞ்சூறும் செய்வது என்ன?

சிற்றுண்ணிக் குஞ்சுகள் வழக்கமாக ஒட்டி வளர்வது எலி, மூஞ்சூறு போன்ற சிறு பிராணிகளின்மேல். குறிப்பாகக் காதுமடலின் உட்புறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். புதுச்சேரியிலும் வேலூர்ப் பகுதியிலும் பொறி வைத்து ஆராய்ந்தவர்களுக்கு அதிகமாகச் சிக்கியது வயல் எலி அல்ல, வீட்டைச் சுற்றிக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறே. அது எலி இனமும் அல்ல. பூச்சி தின்னும் வேறொரு பிராணி. வீட்டுக்கும் புதருக்கும் இடையே இரவெல்லாம் அலைவதால் குஞ்சுகளைச் சுமந்து வந்து நம் வாசல் வரை உதிர்த்துவிடுகிறது.

வாதையால் அடிக்கப்பட்ட பெலிஸ்தர், பொன்னினால் ஐந்து எலி உருவங்களைச் செய்து உடன்படிக்கைப் பெட்டியோடு அனுப்பியதை 1 சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எலியைக் கண்டால் வியாதியை நினைப்பது அவ்வளவு பழைய வழக்கம். அப்படியானால் எலிகளைக் கொன்றுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இந்தப் பாக்டீரியாவைத் தாய்ப் பூச்சி தன் முட்டைகளுக்கே கொடுத்துவிடுகிறது. அதன் உண்மையான உறைவிடம் பூச்சியே. எலியும் மூஞ்சூறும் அதற்குச் சாப்பாடும் வாகனமும் மட்டுமே. எலிகளை மட்டும் கொன்றால், பசித்த குஞ்சுகள் புல்நுனியில் காத்திருந்து அடுத்து வருகிறவர்மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே வீட்டைச் சுற்றியுள்ள புதரையும் குப்பையையும் அகற்றுவதே முதல் வேலை.

ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை?

இது புதிய நோயல்ல. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் எத்தனையோ போர்வீரர்களை இது வீழ்த்தியது. 1948-ல் மலாயாவில் குளோரம்பெனிகால் என்னும் மருந்து இதைக் குணமாக்குவதைக் கண்டார்கள். பின்பு டைபாய்டுக்கு அந்த மருந்தையே எங்கும் கொடுத்ததால், பெயர் தெரியாமலே இந்தக் காய்ச்சலும் பலருக்குக் குணமாகியிருக்கக்கூடும். டைபாய்டுக்கு வேறு மருந்துகள் வந்தபின் மறைந்திருந்தது வெளிப்பட்டது என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். தென்னிந்தியாவில் குளிர் மாதங்களில் இது பரவுவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2003-ல் எழுதி வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் என்று வந்த பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் இருந்தது இதுவே என்று பின்னர் தெரியவந்தது.

பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. பாக்டீரியா நம் உயிரணுக்களுக்கு உள்ளே மறைந்திருப்பது ஒரு காரணம். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். டாக்சிசைக்ளின் மிகவும் மலிவான மாத்திரை. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். அப்போது வெண்டிலேட்டர் தேவைப்படும். அப்படி முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. தடுப்பூசி இன்னும் இல்லை.

எங்கள் வார்டின் சட்டம்

ஒரு துக்கத்தையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவரைப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். எங்களால் இயன்றதெல்லாம் செய்தோம். இரண்டாம் இரவு அவர் இறந்துபோனார். அவருடைய சரீரத்தைக் கழுவும்போதுதான் அக்குளில் அந்தக் கருப்புப் பொருக்கு இருந்தது தெரிந்தது. யாரும் கையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அன்றுமுதல் எங்கள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரையும், திரை போட்டு, மரியாதையோடு, தலைமுதல் பாதம்வரை பார்த்தே ஆக வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்புறம், இடுப்பு, காதின் பின்புறம் ஒன்றையும் விடக்கூடாது. பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. இல்லாவிட்டாலும் சந்தேகம் பலமாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்டால், இங்கேதான். மாத்திரை மலிவு, அதைச் சரியான நாளில் கொடுக்க, பார்க்கத் தெரிந்த கண்கள் வேண்டும். கிராமத்துக்குப் போகும் நர்ஸுக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், பணம் கட்ட இயலாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கும் உங்கள் காணிக்கை உதவுகிறது.

உங்கள் சபையில் சொல்லுங்கள்

புல்தரையில் வெறுமனே உட்காரவோ படுக்கவோ வேண்டாம், பாய் விரித்துக்கொள்ளுங்கள். துணியைப் புதர்மேலும் புல்மேலும் உலர்த்தாதீர்கள். வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவுடன் குளித்து உடை மாற்றுங்கள். இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ ஒரு நாளும் காத்திராதீர்கள்.

ஜெபக் குறிப்புகள்: காய்ச்சல் வார்டில் இரவுபகலாக உழைக்கும் நர்ஸுகளுக்காகவும், தாயை இழந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போகும் நம் கிராமத்துச் சகோதரிகளுக்காகவும் ஜெபியுங்கள்.


கர்த்தருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனைக் குடும்பத்தார்