பழைய கணினிப் பெட்டிக்குக் காற்று வழி

கோடைப் பகலில் பிள்ளைகள் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டுப் பழைய கணினி தானாக நின்றுவிடுகிறதா? சேமிக்காத பக்கங்கள் போனவைதாம். வெப்பம் மிகும்போது கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. புதியது வாங்க எண்ணுமுன், முதலில் உள்ளே படிந்த தூசியைத் துடையுங்கள். பிறகு பெட்டியை ஆராயுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வைப்பதே தீர்வென்று பலர் கருதுகின்றனர். நானும் ஓராண்டு அவ்வாறே வைத்திருந்தேன். உள்ளே சேர்ந்தது தூசிதான்.

பழைய பெட்டிகள் பலவற்றில் முன்புறம் காற்று நுழையச் சில துளைகளே உண்டு. பின்புறம் 80 மி.மீ. விசிறிக்கே இடம். தகட்டில் இடமிருப்பின், துளையை அகலமாக்கி 120 மி.மீ. விசிறியைப் பொருத்தலாம். அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும். முன்புறம் கீழுள்ள விசிறி குளிர்ந்த காற்றை உள்ளிழுக்க, பின்புறம் மேலுள்ளது வெப்பக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

வெட்டுமுன் உள்ளிருக்கும் பாகங்கள் அனைத்தையும் அகற்றிவிடுங்கள். இதற்கே எனக்கு அஸர் முதல் மக்ரிப் வரை பிடித்தது. ஆயினும் சோம்பல் கூடாது. மதர்போர்டில் விழும் ஓர் இரும்புத் துகள் ஷார்ட் சர்க்யூட்டாகி அத்தனையையும் பாழாக்கிவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, விசிறியின்மேல் கம்பி வலை பொருத்துங்கள். குழந்தைகள் உலவும் வீடல்லவா! பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.