லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களே, முட்டியை எப்போது கழற்றுவீர்கள்?

நமது தோட்டங்களில் லயத்து வாசல்களில் லவ் பேர்ட்ஸ் கூடு தொங்குவதைப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு ஆசை, குஞ்சு விற்றால் கைச்செலவுக்கும் ஆகும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பட்ஜி என்ற சின்னக் கிளி. சொந்த நாடு அவுஸ்திரேலியா. 1840இல் ஜோன் கூல்ட் என்பவர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் உள்ளது பச்சையும் மஞ்சளும்தான். நீலம், வெள்ளை எல்லாம் கூட்டில் வளர்த்து எடுத்தவை. இதை வீட்டில் வளர்க்கலாம். ஆனால் மரப்பொந்தில் இருந்து நம் காட்டுக் கிளிக்குஞ்சைப் பிடித்து அடைப்பது சட்டப்படி குற்றம், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ஆண் பெண் தெரிய மூக்குத் துவாரம் இருக்கும் சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், முட்டையிடத் தயாரான பெண்ணுக்குத் தவிட்டு நிறம். முழு வெள்ளை, முழு மஞ்சள் ஆண்களுக்கு மட்டும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஒரு வயது ஆகுமுன் சோடி சேர்க்க வேண்டாம்.

பக்கவாட்டில் துளையுள்ள மண்முட்டி போதும். பெண் ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும், நாலு முதல் ஆறு வரும். முதல் முட்டையிலேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். அதனால்தான் குஞ்சும் ஒன்றுவிட்டு ஒரு நாள் பொரிக்கிறது. ஐந்து முட்டை என்றால் மூத்ததுக்கும் கடைசிக்கும் எட்டு நாள் வித்தியாசம். "இது பொரிக்காது" என்று அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள், ஒவ்வொரு முட்டைக்கும் இட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 18 நாள் வேண்டும். குஞ்சு வெளியே வர இன்னும் ஐந்து கிழமை ஆகும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முட்டி தொங்கும் வரைக்கும் பெண் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்து போகும். கடைசியில் முட்டை உள்ளேயே அடைத்துவிடும். உடம்பை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் உட்கார்ந்து வாலை ஆட்டினால் அதுதான். கையால் அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் பறவை பிழைக்காது. பக்கத்தில் ஒரு பல்பைப் போட்டுச் சூடு கொடுத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். இரண்டு ஈடு முடிந்ததும் முட்டியைக் கழற்றிச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். குஞ்சுக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று மூன்றாவது ஈட்டுக்கு விடுவது தாயைக் கொல்கிற வேலை.

சத்துக்குக் கணவாய் ஓடு நல்லது. திருகோணமலைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் புல்மோட்டை, குச்சவெளிக் கடற்கரையில் ஒதுங்கும் ஓட்டைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூட்டுக் கம்பியில் கட்டுங்கள். புல்மோட்டை என்றால் இல்மனைட் மண்தான் நினைவுக்கு வரும், அந்தக் கறுப்பு மண் கூட்டுக்கு வேண்டாம், ஓடு மட்டும் போதும்.

சாப்பாடு தினை, சாமை, குரக்கன். கோப்பை நிறைந்திருப்பது போலத் தெரியும், ஊதிப் பார்த்தால் வெறும் உமி! இப்படிப் பட்டினியால் செத்த பறவைகள் நிறைய. முருங்கை இலை, வல்லாரை கொடுக்கலாம், மருந்தடித்த மலை ஓரத்தில் பிடுங்கியதைக் கொடுக்கக் கூடாது. நம் தோட்டத்தில் தாராளமாகக் காய்க்கும் பட்டர் புரூட் நமக்கு நல்லது, இந்தப் பறவைக்கு நஞ்சு. ஒரு துண்டும் வேண்டாம்.

விறகுப் புகை வரும் குசினியில் கூட்டை வைக்காதீர்கள், இரவில் பனிக்காற்றுப் படாமல் சாக்கால் மூடுங்கள், மூச்சு விட இடம் விட்டு. எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டவே கூடாது. அந்தத் தூசியால் மனிதருக்கு நிமோனியா போன்ற காய்ச்சல் வரலாம். தண்ணீர் தெளித்து, வாயில் துணி கட்டிக்கொண்டு வழியுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்க்கிறோம் என்பதை டிஸ்பென்சரியில் மறக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்தால்தான் டொக்டர் சரியான மருந்து கொடுப்பார்.